வான்கோழி வேட்டையில் ட்ரீ சேடில்: அடிமரத்தை மறைவாகக் கொண்டு அமரும் முறை

ட்ரீ சேடில் என்பது இடுப்பையும் தொடைகளையும் ஏந்திக்கொள்ளும் பட்டை இருக்கை. மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றில் அதைக் கோத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்தபடி பின்னுக்குச் சாய்ந்து அமர வேண்டும். மான் வேட்டையில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் தொங்கிப் பழகியவர்கள், வசந்தகால வான்கோழி வேட்டைக்கும் அதே பழக்கத்தோடு வருவதுதான் நான் கண்ட பெரும்பாலான தடுமாற்றங்களுக்குக் காரணம். பென்சில்வேனியா போன்ற அமெரிக்கக் கிழக்கு மாநிலங்களின் ஓக் காடுகளில், உரிமம் பெற்று வேட்டைக்குச் செல்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால், அங்குள்ள காடு எதற்கும் இது பொருந்தாது.

1. உயரத்தை முதலில் தீர்மானியுங்கள்

மான் மூக்கை நம்பி வாழும் விலங்கு. நம் வாசனை அதன் தலைக்கு மேலே கடந்து போகட்டும் என்பதற்காகவும் உயரத்தில் ஏறுகிறோம். வான்கோழி ஆபத்தை மோப்பத்தால் அறிவதில்லை; கண்ணாலும் காதாலும் அறிகிறது. தலையின் இரு பக்கமும் அமைந்த கண்களால், கழுத்தைத் திருப்பாமலே தன்னைச் சுற்றியுள்ள வட்டத்தின் பெரும்பகுதியை அது பார்த்துவிடும். நிறங்களையும் நன்றாகப் பிரித்தறியும். எனவே உயரம் தரும் பெரிய ஆதாயம் இங்கே இல்லை. மாறாக, மே மாதத் தொடக்கத்தில் இலை முழுதும் விரியாத மரத்தில் ஐந்து மீட்டர் உயரத்தில் இருப்பவர், வெளிறிய வானத்தின் முன் கறுப்பு உருவமாகத் தெரிவார்.

இன்னொரு காரணம், சேவலை வரவழைக்க நாம் எழுப்பும் பேடைக் குரல். பேடையின் குரல் எந்த இடத்திலிருந்து வந்தது என்பதைச் சேவல் வியப்பூட்டும் துல்லியத்தோடு கணித்து, அந்த இடத்தைப் பார்த்தபடியே வரும். விடிந்து வெகுநேரம் ஆனபின் தரையில் மேய வேண்டிய பேடை மரத்தின் நடுவிலிருந்து கூப்பிட்டால், சேவலின் தேடும் கண் நேராக நம்மீதுதான் விழும்.

ஆகவே கால் தரையிலேயே இருக்கட்டும். சேடிலின் பயன் உயரத்தில் இல்லை. அடிமரத்தை நமக்கும் பறவைக்கும் இடையே நிறுத்துவதில் இருக்கிறது. வழக்கமான முறையில் மரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருப்பவர், சேவல் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தால் அசைய வழியில்லாமல் மாட்டிக்கொள்வார். சேடிலில் இருப்பவர் மரத்தின் மறைவிலேயே சுற்றி நகர்ந்து மறுபக்கம் போய்விடலாம். ஈரத் தரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மரத்துப்போகும் தொல்லையும் இல்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. முதுகுக்குப் பின்னால் மரம் இருந்தது ஒரு கேடயம். வேறொரு வேட்டைக்காரர் பின்னாலிருந்து தவறுதலாகச் சுட்டால் அது தாங்கியிருக்கும். சேடிலில் அந்தக் கேடயத்தை முன்பக்கம் கொண்டுபோய்விடுகிறோம். அதை எப்படி ஈடுகட்டுவது என்பதை 5ஆம் பகுதியில் சொல்கிறேன். அதைப் படிக்காமல் காட்டுக்குப் போக வேண்டாம்.

2. மாநில விதிகளைப் படித்துவிடுங்கள்

பென்சில்வேனியாவில் வசந்த பருவத்தில் தாடி (மார்பில் தொங்கும் மயிர்க்கற்றை போன்ற இறகு) உள்ள பறவையை மட்டுமே எடுக்கலாம். அழைத்து வரவழைத்துத்தான் சுட வேண்டும். பதுங்கிப் பின்தொடர்வது குற்றம். பருவத்தின் முதல் பகுதியில் நண்பகலோடு வேட்டை நேரம் முடிந்துவிடும். அரசு வேட்டை நிலங்களில் மரத்தைக் காயப்படுத்தும் ஆணி, திருகுப்படி எதையும் ஏற்றக் கூடாது. கயிறும் பட்டையும் மட்டும் கொண்ட சேடில் இந்த விதிக்குள் எளிதாக அடங்கும். மரத்தில் ஏறி வான்கோழி வேட்டையாடுவது பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடலாம் என்பதால், அந்த ஆண்டின் கையேட்டைப் பாருங்கள். சென்ற ஆண்டின் நினைவை நம்பாதீர்கள்.

3. வாங்கி வைக்க வேண்டியவை

சேடில், அதன் முன்பக்கம் இரு இடுப்பு வளையங்களையும் இணைக்கும் பிரிட்ஜ் கயிறு, மரத்தைச் சுற்றிக் கட்டும் டெதர் கயிறு, தானே பூட்டிக்கொள்ளும் காரபினர்கள் (கயிறுகளை இணைக்கும் உலோகக் கொக்கிகள்), முழங்கால் உறை ஆகியவை அடிப்படை. காரபினர் ஒவ்வொன்றிலும் 20 கிலோநியூட்டனுக்குக் குறையாத தாங்குதிறன் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். சாவிக்கொத்து மாட்டும் காரபினர் பார்வைக்கு இதைப் போலவே இருக்கும்; அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

டெதரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க, எடை ஏறினால் இறுகி எடை இல்லாதபோது நகரும் ப்ரூசிக் முடிச்சோ உலோகக் கயிறுபிடியோ தேவை. உலோகப் பிடி வாங்குவதானால், அது எத்தனை மில்லிமீட்டர் கயிற்றுக்கானது என்பதைப் பார்த்து வாங்குங்கள். 11 மில்லிமீட்டர் கயிற்றுக்கான பிடி 8 மில்லிமீட்டர் கயிற்றில் வழுக்கக்கூடும். ப்ரூசிக் முடிச்சின் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கம் பக்கமாகப் படிந்திருக்க வேண்டும். குறுக்கே ஏறிய சுற்று சில நேரம் பிடிக்கும், சில நேரம் பிடிக்காது. டெதரின் கடைசி முனையில் ஒரு தடுப்பு முடிச்சு இருந்தே ஆக வேண்டும். அது இல்லாமல் கயிற்றைத் தளர்த்திக்கொண்டே போன ஒரு புதியவரின் ப்ரூசிக், முனையைத் தாண்டிக் கழன்று வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் தரையில் இருந்ததால் மண்ணில் உட்கார்ந்ததோடு போயிற்று.

இவற்றோடு முகத்தையும் கையையும் மூடும் துணி, ஆரஞ்சு நிறத் துணிப்பட்டை இரண்டு, பறவையைச் சுற்றி எடுத்துவர ஆரஞ்சுப் பை, சிவப்பு ஒளி தரும் தலைவிளக்கு, கிளை வெட்டும் சிறு கத்தரி ஆகியவை வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய மூன்று நிறங்களும் உங்கள் உடலில் எங்கும் தெரியக் கூடாது. காலுறை, கைக்குட்டைகூட விலக்கல்ல. சேவலின் தலை அந்த மூன்று நிறங்களில்தான் இருக்கும். புதர் இடுக்கில் அந்த நிறத்தைக் காணும் இன்னொரு வேட்டைக்காரர் உங்களைப் பறவை என்று எண்ணிவிடக்கூடும்.

4. வீட்டில் ஒரு வாரம் பழகுங்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் காட்டில் அதிகம் அசைகிறார்கள். கொல்லைப்புற மரம் ஒன்றில், நின்றால் மார்பளவு வரும் உயரத்தில் டெதரைக் கட்டுங்கள். மானுக்குத் தொங்கும்போது தலையளவு உயரத்தில் கட்டுவோம். இங்கே இடுப்பு தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் இருக்கும்படி தாழ அமர வேண்டியிருப்பதால் கட்டும் இடமும் இறங்குகிறது. உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு விரற்கடையாக மேலும் கீழும் மாற்றி, உங்கள் உயரத்துக்குப் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடித்து, அது உடலில் எந்த இடத்துக்கு நேராக வருகிறது என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டில் அளவுநாடா உதவாது. சட்டைப் பொத்தான் உதவும்.

இடுப்பெலும்பின் இரு பக்கமும் நெரிபட்டால் பிரிட்ஜைச் சற்று நீளமாக்குங்கள். போதாவிட்டால் டெதரைக் கொஞ்சம் உயர்த்துங்கள். எடை முழுவதையும் இருக்கையே தாங்க வேண்டும் என்று நினைப்பது தவறு. பாதங்கள் வேரடியில் ஊன்றியிருக்க, முழங்கால்கள் அடிமரத்தில் பதிந்திருக்க, எடை மூன்றாகப் பிரிந்தால்தான் இரண்டு மணி நேரம் அசையாமல் இருக்க முடியும். தொடை மரத்துப்போவதாகத் தோன்றினால் எழுந்து நின்று இரத்தம் ஓடவிட்டு மறுபடி அமருங்கள். பொறுத்துக்கொண்டு இருப்பது உடலுக்கு நல்லதல்ல.

பிறகு, துப்பாக்கிச் சுடு பயிற்சித் தளத்தில் அனுமதி கேட்டு, அமர்ந்த நிலையிலிருந்தே தாளில் சுட்டுப் பாருங்கள். 12 கேஜ் துப்பாக்கியின் உதை, தொங்கும் உடலை மரத்தைச் சுற்றிச் சற்றே திருப்பிவிடும். முழங்கால்களை அகட்டி அடிமரத்தை இடுக்கிக்கொண்டால் அது அடங்கும். 36 மீட்டர் தொலைவில் 10 அங்குல வட்டத்துக்குள், ஒரே தோட்டாவிலிருந்து சிதறும் சிறு குண்டுகளில் 100 ஆவது விழாவிட்டால், சோக்கையோ (குண்டுகள் சிதறும் அகலத்தைக் கட்டுப்படுத்தும் குழல்முனைக் குறுக்கம்) தோட்டாவையோ மாற்றுங்கள், அல்லது சுடும் தொலைவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

5. மரத்தைப் பகலிலேயே தேர்ந்தெடுங்கள்

முந்திய நாள் மாலை சேவல்கள் எந்த மேட்டு மரத்தில் அடைகின்றன என்று அவற்றின் குரலைக் கேட்டு அறியுங்கள். அடையும் மரத்திலிருந்து சுமார் 100 மீட்டர் தள்ளி, அவை இறங்கி நடக்க விரும்பும் திறந்த தரையை ஒட்டி ஒரு மரத்தைத் தேடுங்கள். கூடுமானவரை அவை இருக்கும் அதே மட்டத்தில் அல்லது சற்று மேலே இருங்கள். பள்ளத்தில் இருந்துகொண்டு மேட்டிலுள்ள சேவலைக் கீழே வரவழைப்பது எளிது என்று எண்ணி ஏமாந்தவர்கள் பலர்.

மரம் உயிருள்ளதாக, நேராக, 35 முதல் 50 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ளதாக இருக்கட்டும். அதைவிட மெலிந்தால் தோள் வெளியே தெரியும்; அதைவிடப் பருத்தால் நீங்கள் எட்டிப்பார்க்க வேண்டிய தூரம் கூடும், அந்த எட்டிப்பார்ப்பைத்தான் சேவல் காணும். வெள்ளை ஓக், சிவப்பு ஓக் இரண்டும் சொரசொரப்பான பட்டையால் கயிற்றை நன்றாகப் பிடிக்கும். பீச் மரத்தின் வழவழப்பான பட்டையில், எடை இல்லாத நேரத்தில் டெதர் கீழே நழுவும். ஷாக்பார்க் ஹிக்கரியின் உரிந்த பட்டைகள் கயிறு உரசும்போதெல்லாம் சத்தமிடும். ஆஷ் மரங்களை அடியோடு தவிர்த்துவிடுங்கள்: எமரால்டு ஆஷ் போரர் என்ற வண்டு அவற்றைக் கோடிக்கணக்கில் கொன்றிருக்கிறது, நிற்பது போலத் தோன்றும் மரம் உள்ளே உளுத்திருக்கும்.

அடிமரத்தில் மயிரடர்ந்த பழுப்புக் கொடி ஒன்று ஒட்டி ஏறியிருந்தால் அந்த மரத்தைத் தொடாதீர்கள். அது பாய்சன் ஐவி. ஏப்ரலில் இலை இல்லாவிட்டாலும் அதன் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். கயிற்றில் பட்டால் அடுத்த வேட்டைக்கும் கூட வரும்.

இனி, முதுகுக்கான பாதுகாப்பு. உங்கள் பின்னால் நான்கைந்து மீட்டருக்குள் ஒரு பருத்த மரமோ, விழுந்த மரத்தின் வேர்ச்சுவரோ, ஏறுமேடோ இருக்கும் இடத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது பின்னாலிருந்து வரும் குண்டைத் தடுப்பதோடு, உங்கள் உருவம் தனித்துத் தெரியாதபடி பின்னணியாகவும் நிற்கும். அத்தகைய மறைப்பு இல்லையென்றால், மரம் எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். இதில் நான் எந்த விலக்கும் தருவதில்லை. பின்பக்க மரத்தில் மார்பளவு உயரத்தில் ஓர் ஆரஞ்சுப் பட்டையைக் கட்டுங்கள். பின்னால் வரும் மனிதர் அதைக் காண்பார். முன்னால் வரும் சேவலுக்கு அது மரத்தால் மறைக்கப்பட்டிருக்க வேண்டும்.

6. இருட்டில் அமைக்கும் வரிசை

சூரிய உதயத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே மரத்தடியில் இருங்கள். வான்கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. வெளிச்சம் வரத் தொடங்கியபின் செய்யும் ஒவ்வொரு வேலையும் மேலே அடைந்திருக்கும் பறவைக்குக் காட்சியாகிவிடும்.

முதலில் காலடியில் இருக்கும் சருகு முழுவதையும் மண் தெரியும்வரை ஒதுக்குங்கள். மரத்தைச் சுற்றி ஒரு முழு வட்டமாக ஒதுக்க வேண்டும். பலர் பாதிதான் ஒதுக்குவார்கள், பிறகு சுற்றி நகரும்போது மறுபாதியில் சருகு நொறுங்கும். அடுத்து, சேவலை ஈர்ப்பதற்கான பொம்மைப் பேடையை நட்டுவிட்டு வாருங்கள். அதன் பிறகே டெதரைக் கட்டி, காரபினரைப் பிரிட்ஜில் மாட்டி, பூட்டு விழுந்ததா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். காரபினரின் வாய் மரப்பட்டையில் அழுந்தாமல் வெளிப்பக்கம் இருக்கட்டும். மெல்ல எடையைக் கொடுத்து, கயிறு பட்டையில் பதிந்தபின் முழுதும் சாயுங்கள். எழுந்து நின்ற ஒவ்வொரு முறையும் கயிறு நழுவியிருக்கலாம் என்பதால், மறுபடி உட்காரும்முன் கையால் இழுத்துச் சரிபார்ப்பது பழக்கமாக வேண்டும்.

துப்பாக்கியைக் கடைசியில்தான் கையில் எடுக்க வேண்டும். அதுவரை அது தோட்டா இல்லாமல் பக்கத்து மரத்தில் சாய்ந்திருக்கட்டும். அமர்ந்து, அசைந்து, எல்லாம் சரி என்று தெரிந்தபின், சட்டப்படியான நேரம் வந்ததும் தோட்டாவை ஏற்றுங்கள்.

டெதரின் மிஞ்சிய முனையைச் சுருட்டிப் பைக்குள் செருகுவதை மறக்காதீர்கள். ஒரு மே காலையில் என்னை நோக்கி வந்த சேவல் இருபது அடிகள் தள்ளி நின்றுவிட்டது. நான் மூச்சைக்கூட அடக்கியிருந்தேன். ஆனால் முழங்காலுக்குக் கீழே ஒரு முழ நீளக் கயிற்று முனை காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அது கழுத்தை நீட்டி, அந்த முனையை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைச் சாய்த்து மறு கண்ணால் பார்த்தது. ‘பட்’ என்று ஒரே ஒலி எழுப்பிவிட்டுத் திரும்பி நடந்தது.

7. எந்தப் பக்கம் சுடுவது என்று முன்பே வகுத்துக்கொள்ளுங்கள்

நீங்கள் பார்க்கும் அடிமரத்தைக் கடிகாரத்தின் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரருக்கு 8 முதல் 11 வரையிலான இடப்பக்கம் இயல்பாக வரும். 1 முதல் 4 வரையிலான வலப்பக்கத்தில் டெதர் குறுக்கே நிற்கும், உடலும் முறுக்கிக்கொள்ளும். எனவே சேவல் வரக்கூடிய வழி 11 அல்லது 10 மணித் திசையில் அமையும்படி அமருங்கள். பொம்மையும் அந்தத் திசையில் 18 மீட்டர் தொலைவில் நிற்கட்டும். அப்போது சேவல் நெருங்கும் நேரம் முழுவதும் மரம் உங்கள் உடலை மறைத்திருக்கும்; வெளியே வருவது துப்பாக்கிக் குழலும் ஒரு கண்ணும் மட்டுமே. இடக்கைக்காரர்கள் இதை அப்படியே மாற்றிக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலான புதியவர்கள் பொம்மையை நேரே 12இல் வைக்கிறார்கள். அங்கே வைத்தால் மரமே அதை மறைத்துவிடும். பார்க்க இருபக்கமும் மாறி மாறித் தலையை நீட்டுவார்கள்.

8. அழைப்பும் நகர்வும்

சேடிலில் இருக்கும்போது, கையால் உரசி ஒலி எழுப்பும் ‘பாக்ஸ் கால்’ என்ற மரப்பெட்டி அழைப்பானைவிட, வாய்க்குள் வைத்து ஊதும் ‘டயஃப்ரம் கால்’ என்ற அழைப்பான் நல்லது. இரு கைகளும் துப்பாக்கியில் இருக்கும். விடியலில் மெல்லிய குரலில் இரண்டு மூன்று முறை அழைத்துவிட்டு நிறுத்துங்கள். பதில் முழக்கம் கேட்டவுடன் அடுத்தடுத்து அழைத்தால், பேடையே தன்னிடம் வரும் என்று எதிர்பார்த்துச் சேவல் நின்ற இடத்திலேயே தோகை விரித்து நிற்கும்.

சேவல் எந்தப் பக்கம் வளைகிறது என்று காதால் பின்தொடர்ந்து, அது மரத்துக்குப் பின்னாலோ புதருக்குப் பின்னாலோ மறையும்போது மட்டும் சுற்றி நகருங்கள். பாதத்தைத் தூக்காமல், குதிகாலைத் தரையில் வைத்தே திருப்பி, ஒரு முறைக்கு ஓரடி போதும். பட்டையில் சேடில் உரசும் ஒலி கேட்டால் நின்றுவிடுங்கள். தோகை விரித்த சேவல் உங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பும்போது, விரிந்த வால் அதன் கண்ணை மறைக்கும். துப்பாக்கியை உயர்த்த அதைவிட நல்ல நேரம் இல்லை.

சுடுமுன் தாடி தெரிகிறதா, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முழக்கம் கேட்ட இடத்தையோ அசையும் நிறத்தையோ நோக்கிக் குழலைத் திருப்பவே கூடாது. கழுத்து நீண்டு நிற்கும் நொடியில், இறகு முடிந்து தோல் தொடங்கும் இடத்தில் குறி இருக்க வேண்டும். அருகே ஒரு மனிதர் வருவதைக் கண்டால் கையை ஆட்டாதீர்கள், கோழிக் குரலும் எழுப்பாதீர்கள். உரத்த குரலில் பேசுங்கள்.

9. சுட்டபின்

சுட்டவுடன் எழுந்து ஓடுவது வான்கோழி வேட்டையில் எல்லோருக்கும் வரும் துடிப்பு. சேடிலில் கட்டுண்டிருப்பவர் அப்படி எழுந்தால், கையில் நிரம்பிய துப்பாக்கியோடு கயிறு இழுத்து விழுவார். சேஃப்டியைப் போடுங்கள், பறவையைப் பார்த்துக்கொண்டே எழுந்து நில்லுங்கள், பிறகு காரபினரைக் கழற்றி நடங்கள். பறவையின் கால்முள் கூர்மையானது, சிறகடி வலுவானது. துடிப்பு அடங்கும்வரை கையால் பிடிக்க வேண்டாம். டேகை (உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டை) உடனே நிரப்பிக் கட்டி, பறவையை ஆரஞ்சுப் பையில் மூடிய பிறகே தூக்குங்கள். வெறும் தோளில் தொங்கவிட்டு நடந்தால், தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு நடந்துபோகும் சேவல் போலத் தெரியும்.

10. ஏறத்தான் வேண்டுமென்றால்

இடுப்பளவு புதர் அடர்ந்த இடத்திலும், இலையுதிர்காலத்தில் மானுக்காகத் தொங்கும்போது வான்கோழிக்கும் பருவம் திறந்திருக்கும் நாளிலும் ஏறுவதில் பொருள் உண்டு. அப்போது ஒரே விதி: எந்த நொடியிலும் மரத்தோடு ஒரு கயிறாவது உங்களைப் பிணைத்திருக்க வேண்டும்.

தரையிலிருந்து கால் எடுக்கும்முன் லைன்மேன் கயிற்றை மரத்தைச் சுற்றி இரு இடுப்பு வளையங்களிலும் மாட்டுங்கள். படிகளைக் கட்டிக்கொண்டே ஏறி, மிதிமேடையைப் பொருத்தி, தலைக்கு மேல் டெதரைக் கட்டிப் பிரிட்ஜில் இணைத்து, அதில் எடையைக் கொடுத்துச் சோதித்தபின்தான் லைன்மேன் கயிற்றைக் கழற்ற வேண்டும். வழியில் கிளை குறுக்கிட்டால், கிளைக்கு மேலே டெதரைக் கட்டி இணைத்தபிறகே கீழுள்ள கயிற்றை அவிழுங்கள். டெதர் ஒருபோதும் தொய்ந்திருக்கக் கூடாது. அரை மீட்டர் தொய்வுகூட, விழும்போது நீளாத கயிற்றில் முதுகெலும்பை உலுக்கும் அடியாகும்.

துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறாதீர்கள். தோட்டா நீக்கி, திறந்த நிலையில், குழல் கீழ்நோக்க, தூக்குகயிற்றில் கட்டித் தரையில் விட்டு, அமர்ந்தபின் இழுத்துக்கொள்ளுங்கள். கைபேசி முதுகுப்பையில் அல்ல, சட்டையின் மார்புப் பையில் இருக்கட்டும். எந்த மரத்தில் இருக்கிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். இறங்கும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்: துப்பாக்கி முதலில் இறங்கும், லைன்மேன் கயிறு மாட்டப்படும், அதன்பின் டெதர் அவிழும், இரு பாதங்களும் மண்ணில் ஊன்றிய பிறகே கடைசிக் காரபினர் கழலும்.